மறுபடியும் வரச் சொன்னார்கள்

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாம் கேமரன் மலையில், ரிங்லெட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். எனக்குத் தோட்டத்துப் பேக்டரியில் இலையைக் காய வைக்கிற மெஷினில் வேலை. உங்கள் அம்மாவுக்கு மலையில் கொழுந்து எடுக்கிற வேலை. பிள்ளைகளே, நீங்கள் மூன்று பேரும் அப்போது சின்னவர்கள். அம்மா கொஞ்ச நாள் யாரோடும் பேசாமல் இருந்தது மூத்தவளுக்கு மட்டும் லேசாக ஞாபகம் இருக்கலாம். காரணம் அவளுக்கும் தெரியாது.

நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். பொம்பளைகள் உடம்பைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று யோசித்தேன். உங்கள் அம்மாவிடமே கேட்டேன். "எழுதுங்க. யாரு பேரும் போடாதீங்க. ஆனா எழுதறதா இருந்தா மூடி மூடி எழுதாதீங்க. பொண்ணுங்க படிக்கணும், மகனும் படிக்கணும்" என்றாள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

பிள்ளை வளர்கிற பையைக் கர்ப்பப்பை என்கிறோம். அதற்குக் கீழே கழுத்து மாதிரி ஒரு வாய் இருக்கிறது. கர்ப்பப்பை வாய் என்று அதற்குப் பெயர். அப்படி ஒன்று இருப்பதே எனக்குக் கல்யாணமாகி, மூன்று பிள்ளை பிறந்த பிறகுதான் தெரியும். உங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான்.

கடைசிப் பிள்ளை பிறந்தபோது அவளுக்கு நிறைய ரத்தம் போய், மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகு சில வருஷம் நன்றாகத்தான் இருந்தாள். அப்புறம் வெள்ளைப்படுதல் வந்தது. அதோடு ஒரு வாடை, இடுப்பு வலி. சில நாள் துளி ரத்தமும் பட்டது. என்னிடம் சொல்லவில்லை. பாவாடையைத் தனியாகத் துவைப்பாள். மலையிலிருந்து வந்ததும் ஒரு குளியல், படுக்கிற முன்னால் ஒரு குளியல். அந்தக் குளிரில் எதற்கு இரண்டு தடவை குளிக்கிறாள் என்று நான் கேட்டபோது, "ஒடம்பு சூடுங்க" என்றாள்.

நம் சனங்களுக்குச் சூடு என்று சொல்லிவிட்டால் போதும், அதற்குமேல் கேள்வி கிடையாது. வெந்தயத்தை ஊறப்போட்டுக் குடித்தாள். மோர் குடித்தாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மோர் குடித்தவள் அந்த மலையிலேயே உங்கள் அம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள். இருமல் வந்ததே தவிர மற்றது நிற்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அந்த அக்காவுக்கு வாய் பெரிது, மனசும் பெரிது. அவர் கொடுத்த வைத்தியம் என்னவென்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் மஞ்சள்தூளும் படிகாரமும் கரைத்து உள்ளே கழுவுவது. கழுவின அன்றைக்கு வாடை இருக்காது. இரண்டு நாளில் முன்னைவிட அதிகமாக வரும். அதனால் இன்னும் கொஞ்சம் படிகாரம் சேர்த்துக் கழுவுவாள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

அதற்கு முந்தின வருஷம் மேல் லயத்தில், மேட்டுப் பக்கத்து வரிசை வீடுகளில், ஒரு பெண் இறந்துபோனாள். உங்கள் அம்மாவோடு ஒரே நிரையில் நின்று கொழுந்து எடுத்தவள். இடுப்பில் கட்டுகிற சாக்குப் படங்கில் ரத்தம் பட்டதைப் பார்த்துக் கேட்டவர்களிடம், "வயசு மாறுதுல்ல" என்று சொல்லியே நாளைக் கடத்திவிட்டாள். கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது புற்றுநோய் முற்றிவிட்டது என்றார்கள். கர்ப்பப்பை வாயில் வந்த நோய். உங்கள் அம்மா தனக்கும் அதுதான் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள். அதனால்தான் யாரிடமும் போகப் பயந்தாள். நோய் என்று சொல்லிவிடுவார்களே என்கிற பயம்.

அந்தச் சமயத்தில்தான் டவுன் கிளினிக்கிலிருந்து ஆட்கள் தோட்டத்துக்கே வந்து பெண்களுக்குப் பரிசோதனை செய்யப்போவதாகச் செய்தி வந்தது. இடம், ஆயாக் கொட்டகை. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போவார்களே, அங்கேதான். வலி இல்லாத சோதனை. கர்ப்பப்பை வாயில் லேசாகத் தடவி, ஒட்டினதைக் கண்ணாடித் துண்டில் பூசி, பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடியில் பார்ப்பார்கள். நோய் வருகிற முன்னாலேயே தெரிந்துவிடும்.

தோட்டத்து மருந்து அறையைப் பார்த்துக்கொள்கிறவரை டிரெசர் என்போம். நல்ல மனிதர். வெட்டுக்காயம், காய்ச்சல் எதுவானாலும் முகம் சுளிக்க மாட்டார். அவரிடம் கிளினிக் மிஸி, நர்ஸைத்தான் நாம் மிஸி என்போம், தெளிவாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்: பெண்கள் இரண்டு நாளைக்கு உள்ளே எதையும் போட்டுக் கழுவக் கூடாது, புருஷனோடு சேரக் கூடாது. காலையில் பெரட்டுக் களத்தில், ஆம்பளையும் பொம்பளையும் வேலைக்குக் கூடி நிற்கிற இடத்தில், இவர் இதைச் சொல்ல வேண்டும். மீசையைத் தடவினார். தொண்டையைக் கனைத்தார். கடைசியில், "எல்லாரும் சுத்தமா வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

சுத்தமாக வா என்றால் நம் பெண்கள் என்ன செய்வார்கள்? கோயிலுக்குப் போகிற மாதிரி தலைக்குக் குளித்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா உங்கள் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒனக்கு வேற வாடை இருக்குது. மிஸி மொகத்த சுளிச்சா நாளைக்குத் தோட்டம் பூரா பேச்சு. நல்லா கழுவிட்டுப் போ தங்கச்சி" என்று ஒரு கட்டிப் படிகாரத்தைக் கையில் கொடுத்திருக்கிறார். அக்கா மட்டும் கொட்டகை வாசல் வரைக்கும் போய், "எனக்குத் தல சுத்துது" என்று திரும்பிவிட்டார்.

சோதனை முடிந்து உங்கள் அம்மா சிரித்தபடி வந்தாள். "ஒண்ணுமே இல்லைங்க, பல்லு பிடுங்கறதுதான் வலி" என்றாள். அன்றைக்குத்தான் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள், படிகாரத்தைத் தவிர. போய்ப் பார்த்தாயிற்றே என்று எனக்கு ஒரு நிம்மதி.

சில வாரம் கழித்து டிரெசர் பேக்டரிக்கு வந்தார். மெஷின் ஓடுகிற சத்தம். அவர் காதோரம் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. "என்னா?" என்றேன். மறுபடியும் மெதுவாகச் சொன்னார். "சத்தமா சொல்லுங்க சார்!" என்றேன். அவர் கத்தினார்:

"ஒங்க வீட்டுக்காரவங்கள மறுபடியும் வரச் சொல்றாங்க! டவுனுக்கு!"

சல்லடை பக்கம் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவரை வெளியே இழுத்துக்கொண்டு போனேன்.

"எதுக்கு சார்?"

"காரணம் சொல்லலண்ணே."

"வேற யாரைக் கூப்பிட்டுருக்காங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல், "நம்ம தோட்டத்துல அவங்க மட்டுந்தான்" என்றார்.

அத்தனை பெண்களில் இவளை மட்டும். மேல் லயத்துப் பெண் இறந்த அன்றைக்கு அவள் பிள்ளைகள் வாசலில் நின்றது என் கண்ணுக்குள் வந்தது. உங்கள் மூன்று பேரையும் அந்த இடத்தில் நிற்க வைத்துப் பார்த்தேன். அதற்குமேல் என்னால் நினைக்க முடியவில்லை.

வீட்டில் சொன்னதும் உங்கள் அம்மா அழவில்லை. அரிசியைக் களைந்துகொண்டே, "எனக்குத் தெரியும்ங்க" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் சின்னவனுக்குத் தானாகச் சாப்பிடப் பழக்க ஆரம்பித்தாள். அதுவரை அவனுக்கு ஊட்டித்தான் விடுவாள். ஏன் பழக்குகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

டவுனுக்குப் போகிற நாளில் பஸ் வரவில்லை. டவுன் வழியாகத் திரிங்காப்புக்குக் காலியாகத் திரும்புகிற ஒரு காய்கறி லோரியை நிறுத்தி ஏறினோம். வழி முழுக்க முட்டைக்கோஸ் வாடை.

கிளினிக்கில் ஆம்பளைகள் திரைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். திரை துணிதானே, உள்ளே பேசுவது கேட்டது. மிஸி தமிழ்ப்பெண், உங்கள் அம்மாவைவிட இளையவர்.

"அக்கா, இது என்னாக்கா மஞ்சளா இருக்கு?"

"மஞ்சத்தான் மிஸி."

"மஞ்சத்தான்னா?"

"மஞ்சத்தூளு. படிகாரமும் போட்டு..."

"எங்க போட்டு?"

அவள் கையைக் காட்டியிருக்க வேண்டும். மிஸியின் குரல் உயர்ந்தது.

"ஐயோ அக்கா! மீன் கொழம்பா வைக்கப்போறீங்க? போன தடவையும் இப்படிக் கழுவிட்டுத்தான் வந்தீங்களா?"

"அப்போ கம்மி மிஸி. இந்தத் தடவ பெரிய டாக்டரு பாப்பாங்கன்னு கொஞ்சம் கூடுதலா..."

"அங்க இருக்கறத எடுத்துத்தானக்கா பாக்கணும். நீங்க எல்லாத்தையும் தொடச்சுக் கழுவிட்டு வந்தா டாக்டர் என்னாத்தப் பாப்பாங்க? அதனாலதான் போன தடவ கண்ணாடியில ஒண்ணும் சரியாத் தெரியல. மறுபடியும் கூப்புட்டதே அதுக்குத்தான்!"

"நோயின்னு கூப்புடலயா?"

"நோயா இல்லையான்னே தெரியலன்னுதான் கூப்புட்டோம். கழுவக் கூடாதுன்னு டிரெசர்கிட்ட சொல்லி அனுப்பிச்சனே, அவரு சொல்லலயா?"

"சுத்தமா வாங்கன்னாரு."

மிஸி சிரித்துவிட்டார். வெளியே உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிக்கலாமா கூடாதா என்றே தெரியவில்லை.

ஆனால் பயம் தீரவில்லை. டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். மலாய்க்கார அம்மா, கண்ணாடி போட்டவர். அவர் மலாயில் பேச, மிஸி தமிழில் சொன்னார். அந்த இடம் சிவந்து புண்ணாக இருக்கிறது. லேசாகத் தொட்டாலே ரத்தம் வருகிறது. கிருமியாலும் இருக்கலாம், வேறு மாதிரியும் இருக்கலாம். ஒரு வாரம் எதையும் போட்டுக் கழுவாமல் மறுபடியும் வந்தால்தான் சொல்ல முடியும். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். எப்போதாவது ரத்தம் ஏற்றியிருக்கிறீர்களா என்று. ஏற்றியதைச் சொன்னேன். அப்படியானால் ரத்தத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுவோம், சந்தேகம் தீரத்தான் என்றார்.

அப்போது ரேடியோவில் எய்ட்ஸ் என்று ஒரு புது நோயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரத்தத்தில் வருமாம், மருந்து இல்லையாம். உங்கள் அம்மா அதைக் கேட்டிருக்கிறாள். கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு டாக்டரைப் பார்த்துக் கேட்டாள்: "எனக்கு அந்த நோய் இருந்தா, நீங்க இந்த மாதிரி தொட்டுப் பாப்பீங்களா?"

மிஸி அதை மலாயில் சொன்னதும் டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். இப்போது தொட்டது எப்படியோ அப்படியேதான் தொடுவேன் என்றார். அந்த நோய் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். அப்படிப்பட்ட பெண்ணுக்குக் கிருமி சுலபமாகத் தொற்றும், கர்ப்பப்பை வாயை மற்றவர்களைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டும், அவள் வராமல் இருந்துவிடக் கூடாதே என்பதுதான் தன் கவலை என்றார். பிறகு அவள் தோளில் கை வைத்து, "ஜாங்ஙான் தாக்குட்" என்றார். பயப்படாதே என்று அர்த்தம். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ரத்தம் எடுத்த சேதி எங்களுக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மலையில் தேத்தண்ணி குடிக்கிற நேரம், உங்கள் அம்மா உட்கார்ந்த கல்லுக்குப் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை. "ரத்தமெல்லாம் எடுத்தாங்களாமே, அந்தப் புது நோயா?" என்று ஒருத்தி காதில் விழும்படியே கேட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு அக்காதான் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து, உங்கள் அம்மா குடித்துக்கொண்டிருந்த குவளையையே வாங்கி ஒரு மடக்குக் குடித்து, "சீனி பத்தலடி" என்றாராம். "நோயி வந்தா எனக்கு வரட்டும். ஒங்களுக்கெல்லாம் நாக்குலயே வந்துருச்சு" என்று மற்றவர்களைப் பார்த்து ஒரு போடு போட்டிருக்கிறார். இதைச் சொல்லும்போது மட்டும் உங்கள் அம்மா அழுதாள்.

கழுவாமல் இருந்த அந்த ஒரு வாரம் அவளுக்குப் பெரிய பாடு. வெறும் தண்ணீரில் வெளியே மட்டும் கழுவச் சொல்லியிருந்தார்கள். தன் மேல் வாடை வருகிறது என்று என் பக்கத்தில்கூட வர மாட்டாள். அக்கா வேறு, "கழுவாத போனா மிஸி மயக்கம் போட்டு விழப்போகுது, எதுக்கும் விக்ஸ் எடுத்துட்டுப் போ" என்று கேலி. ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மறுபடியும் போய்ச் சோதனை கொடுத்துவிட்டு வந்தோம். அப்புறம் காத்திருப்பு. அந்த நாட்களை எப்படி ஓட்டினோம் என்று இப்போது நினைத்தாலும் தெரியவில்லை. மெஷினில் இலையைக் கருக விட்டுத் துரையிடம் திட்டு வாங்கினேன்.

முடிவு தெரிந்துகொள்ளப் போன அன்றைக்கு, நாங்கள் கிளினிக் படி ஏறும்போதே மிஸி பார்த்துவிட்டார். பெயர் கூப்பிடுகிற வரைக்கும் அவர் காத்திருக்கவில்லை. வாசலுக்கே வந்து, "அண்ணே, ஒண்ணும் இல்லண்ணே. புற்றுநோய் இல்ல. ரத்தமும் சுத்தம்" என்றார்.

அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் அம்மா நின்ற இடத்திலேயே நின்று, "அப்போ நான் செத்துப் போக மாட்டேனா?" என்றாள்.

"ஒரு நாளைக்கு எல்லாரும் போகணும்லா அக்கா. இதுல போக மாட்டீங்க."

கிருமியால் வந்த புண் அது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். மிஸி உட்கார வைத்து விளக்கினார். பெண்ணுடம்பில் அந்த இடத்தில் நல்ல கிருமிகளும் இருக்கின்றன. தயிரில் இருக்கிறதே, ஏறக்குறைய அந்தச் சாதி. அவை இருக்கிற வரைக்கும் கெட்ட கிருமிக்கு இடம் கொடுக்காது. நாம் படிகாரம், மஞ்சள், சோப்பு என்று போட்டுக் கழுவக் கழுவ நல்லது போய்விடுகிறது, கெட்டது வந்து உட்கார்ந்துகொள்கிறது. வாடை வருகிறதே என்று இன்னும் கழுவுகிறோம். மாத்திரையை முழுக்கச் சாப்பிட்டு, கழுவுவதையும் நிறுத்தினால் ஆறிவிடும். ஆனால் இத்தோடு விட்டுவிடக் கூடாது, கூப்பிடுகிற போதெல்லாம் வந்து சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார்.

தோட்டத்துக்குத் திரும்பி இதை அக்காவிடம் சொன்னபோது அவர் யோசித்துவிட்டு, "அப்போ தயிர ஊத்திக் கழுவலாமா தங்கச்சி?" என்று கேட்டார். உங்கள் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்! "எதையும் ஊத்தாதீங்கக்கா, சும்மா விடுங்க!" என்றாள். அன்றைக்குக் கிளினிக்கிலிருந்து வரும் வழியில் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கினாள். வளைவுக்கு வளைவு தலை ஆடியது, எழுந்திருக்கவே இல்லை. ரிங்லெட் வந்தும் எழுப்ப மனசு வராமல், கண்டக்டரை ஒரு நிமிஷம் பொறுக்கச் சொன்னேன்.

மாத்திரை முடிகிறபோது வெள்ளைப்படுவது குறைந்தது. இடுப்பு வலியும் போய்விட்டது. மோர் குடிப்பதையும் விட்டாள், இருமலும் போனது.

கிளினிக் ஆட்கள் அடுத்த தடவை வருவதாகச் சேதி வந்தபோது, பெரட்டுக் களத்தில் டிரெசர் மறுபடியும் தொண்டையைக் கனைத்தார். உங்கள் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். நான் ஆம்பளைகள் வரிசையில் நின்றிருந்தேன், எனக்குக் காது சூடாகிவிட்டது.

"நீங்க தள்ளுங்க சார், நான் சொல்றேன்" என்றாள். பிறகு திரும்பி எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்: "அடியே, எல்லாரும் கேட்டுக்குங்க. ரெண்டு நாளைக்கு உள்ளுக்குள்ள ஒண்ணும் போட்டுக் கழுவாதீங்க. மஞ்சள் வேணாம், படிகாரம் வேணாம். வாடை வந்தா வரட்டும், அதுக்குத்தான் மிஸி வர்றாங்க. ரெண்டு நாளைக்குப் புருஷன்காரன தள்ளிப் படுக்கச் சொல்லுங்க. ஆம்பளைங்களும் கேட்டுக்குங்க. மேல் லயத்துக்காரி வாயத் தொறக்காமலே போயிட்டா. இனிமே நம்ம தோட்டத்துல யாரும் அப்படிப் போகக் கூடாது."

டிரெசர் மோட்டார் சாவியைத் தேடுகிற மாதிரி கீழே குனிந்துகொண்டார். எங்கோ ஒரு ஆம்பளை சிரித்தான், பக்கத்தில் நின்றவர் அவனை ஒரு இடி இடித்தார். சோதனை நாளில் ஆயாக் கொட்டகைக்குப் போன முதல் ஆள், போன தடவை தலை சுற்றித் திரும்பின பக்கத்து வீட்டு அக்காதான்.

பிள்ளைகளே, எங்களுக்கு வந்தது நல்ல முடிவு. அதே பெஞ்சில் உட்கார்ந்து வேறு முடிவு கேட்டவர்களும் இருப்பார்கள். எய்ட்ஸ் கிருமி ரத்தத்தில் இருக்கிறது என்று கேட்ட பெண்களும் இருப்பார்கள். இப்போது அதற்கும் மருந்து வந்துவிட்டது, மருந்தை விடாமல் சாப்பிட்டு நல்லபடியாக வாழ்கிறார்கள். அவர்கள் கர்ப்பப்பை வாயை அடிக்கடி சோதித்துக்கொள்ள வேண்டும் என்று கிளினிக்குகளில் இப்போதும் சொல்கிறார்கள். அப்படி ஒருத்தி உங்களுக்குத் தெரிந்தவளாக இருந்தால், அவளைத் தள்ளி உட்கார வைக்காதீர்கள். சோதனைக்குத் துணையாகப் போங்கள்.

பஸ்ஸில் என் தோளில் தூங்கின அந்தத் தலையின் கனம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நம் வீட்டில் யாரும், எந்த வலியையும், உடம்பில் எந்த இடத்தில் இருந்தாலும், கூச்சமில்லாமல் வாய்விட்டுச் சொல்லும்போதெல்லாம் அன்றைக்குக் கிளினிக் வாசலில் மூச்சு வந்த மாதிரி எனக்கு மறுபடியும் மூச்சு வருகிறது.